கஸ்தூரியின் பதினான்கு அட்டைகள்

முதலில் பீரோ சாவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருக்கிறீர்கள். உங்களில் யாராவது ஒருவர் கையில் நாளைக்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து வந்து விழும். அதில் பீரோ சாவிதான் பொல்லாதது. நான் தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் அதை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தவள். அதனால் நடந்த கூத்தை என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வாள்.

பிச்சாவரம் பக்கம், உப்பங்கழியை ஒட்டிய ஊரில் எங்கள் தொடக்கப் பள்ளி. கடல் பொங்கிய வருஷத்துக்குப் பிறகு கட்டிக் கொடுத்த புதுக் கட்டடம். இரண்டு பெரிய அறை, ஒரு வராந்தா. நான் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் கிள்ளை வரைக்கும் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போவேன். ஆசிரியர்கள் மொத்தம் இரண்டே பேர். நான் ஒருத்தி, ஸ்டெல்லா ஒருத்தி. ஸ்டெல்லா குறிஞ்சிப்பாடிக்காரி. அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான் இருக்கும். எனக்கோ சர்வீஸே இருபத்தேழு வருஷம். அந்த இருபத்தேழை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது அவளுக்குச் சொல்லிக் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2007-ல் செயல்வழிக் கற்றல் வந்தது. உங்களுக்கு அது பழைய கதை. எங்களுக்கு அது தலையில் விழுந்த இடி. ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து நாளும் கை தட்டிப் பாட்டுப் பாடி, வட்டம் போட்டு உட்கார வைத்தார்கள். ஐம்பது வயசுப் பொம்பளை முயலாகக் குதிக்க வேண்டுமாம். குதித்தேன். முழங்கால் பத்து நாள் வலித்தது.

பிறகு பெட்டி பெட்டியாக அட்டைகள் வந்து இறங்கின. விஷயம் இதுதான்: பாடமெல்லாம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஒரு படமும் எண்ணும் இருக்கும். சுவரில் ஏணி மாதிரி ஒரு பெரிய படம் தொங்கும். எந்த அட்டைக்கு அப்புறம் எந்த அட்டை என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளை தானே ஏணியைப் பார்த்து, தானே தன் அட்டையை எடுத்து, பாயில் உட்கார்ந்து செய்து முடித்து, டீச்சரிடம் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் அடைவு அட்டவணை என்ற பெரிய தாளில் அதன் பெயருக்கு நேரே ஒரு டிக். அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே பாயில்.

"இதுங்களாவது, தானா படிக்கிறதாவது!" என்றேன் நான். அட்டைகள் பளபளவென்று அழகாக இருந்தன. எங்கள் பிள்ளைகளின் கையோ, காலையில் இறால் ஆய்ந்துவிட்டு அப்படியே வந்த கை. ஒரே வாரத்தில் நாறிப்போகும். நாளைக்கு அதிகாரி வந்து "அட்டை ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? எல்லாவற்றையும் பீரோவில் அடுக்கிப் பூட்டினேன். விசிட் வரும் அன்று எடுத்துப் பரப்பலாம், விசிட் முடிந்ததும் உள்ளே வைத்துவிடலாம் என்பது என் திட்டம். சிரிக்காதீர்கள். அந்த வருஷம் இப்படி அட்டைக்குப் பூட்டுப் போட்டவள் நான் ஒருத்தி மட்டுமல்ல.

பழையபடி குரலை நம்பினேன். என் குரல் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். நான் ஒரு தடவை சொல்ல, ஐம்பது பிள்ளைகள் மூன்று தடவை கத்திச் சொல்லும். அதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கத்தலில் சேராத பிள்ளை ஒன்று இருந்தது. பெயர் கஸ்தூரி. மூன்றாம் வகுப்பு. அப்பா கலியபெருமாள் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் படகுக்குத் துடுப்புப் போடுகிற ஆள். அம்மா இறால் உரிக்கிற வேலைக்குப் போவாள். அவள் போகிற நாளெல்லாம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது கஸ்தூரி. இரண்டு வாரம் வருவாள், மூன்று வாரம் வரமாட்டாள். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். கதவோரம் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, பாவாடை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரிப்பாள். மூன்று வருஷத்தில் அவளுக்கு 'க' தெரியுமா என்று எனக்கே தெரியாது. "மக்கு இல்ல, ஆனா வராது" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லி வைத்திருந்தேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் பாருங்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் கடலூரில் கூட்டம். அவசரத்தில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் நான் பள்ளிக்குள் நுழைந்தபோது சத்தமே இல்லை. பிள்ளைகள் யாரும் வரவில்லையோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பீரோ திறந்து கிடக்கிறது. தரையெல்லாம் என் பளபள அட்டைகள். அவற்றைச் சுற்றி ஐம்பது தலைகள் குனிந்திருக்கின்றன. தலைமையாசிரியை வாசலில் நிற்கிறாள், ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டெல்லா எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பாயில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள்.

"யாரக் கேட்டு எடுத்த?" என்று வராந்தாவுக்கு இழுத்துவந்து கத்தினேன்.

"ஒரு மாசம் டைம் குடுங்க டீச்சர். ஒரு அட்டை கிழிஞ்சாலும் நானே ஒட்டித் தரேன். அப்பறம் நீங்களே பூட்டிக்குங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். பயப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஆனாலும் விட்டுப்பிடிக்கலாம் என்று விட்டேன். எப்படியும் தோற்கத்தானே போகிறாள் என்ற எண்ணம்தான், வேறென்ன.

அந்த ஒரு மாதக் கெடுவில் முதல் பத்து நாள் கஸ்தூரி வந்தாள். பிறகு வழக்கம்போலக் காணவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'இப்ப பாரு, போய்க் கதவோரம் உட்காரும்' என்று. அப்போதெல்லாம் பிள்ளைகள் வருகையைத் தாங்களே சுவரில் இருக்கும் தாளில் குறிக்கும். சில வாலுகள் வராத நாளுக்கும் சேர்த்து 'வந்தேன்' போட்டுவிடும். கஸ்தூரி அன்றைக்கு ஒரு கட்டத்தில் மட்டும் குறித்தாள். மூன்று வாரக் கட்டங்களை வெறுமையாகவே விட்டாள். அப்புறம் ஏணியின் முன்னால் போய் நின்றாள். விரலை வைத்துக் கீழிருந்து மேலே தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. நேராக அட்டைத் தட்டுக்குப் போனாள், ஒரு அட்டையை எடுத்தாள், பாயில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

யாரும் அவளை "எங்கடி போன?" என்று கேட்கவில்லை. யாரும் அவளுக்காக நிற்கவும் இல்லை, அவளை விட்டுவிட்டுப் போகவும் இல்லை. அவள் விட்ட இடம் மூன்று வாரமாக அப்படியே அவளுக்காகக் காத்திருந்தது. இருபத்தேழு வருஷமாக நான் கத்திக் கத்திச் செய்ய முடியாததை ஒரு காகித அட்டை சத்தமில்லாமல் செய்துவிட்டது. அன்று மாலை ஸ்டெல்லாவிடம் சாவியைக் கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பீரோவுல கரப்பான் வருது, கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லிக் கொடுத்தேன். என் வீம்பு அப்படி.

நவம்பரில் ஒரு மழை நாளில் கலியபெருமாள் வந்தார். தலையில் போட்டிருந்த பாலித்தீன் பையைக் கழற்றி வராந்தாவில் உதறிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"டீச்சர், பொங்கல் களிச்சி நாங்க கடலூர் முதுநகருக்குப் போறோம். மச்சான் மீன்புடி போட்டுல ஆளு வேணுன்றான். புள்ளைக்கு டிசி குடுத்துடுங்க."

"அங்க எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?"

"ஸ்கூலா? எதுக்கு டீச்சர்? மூணு வருசமா அனுப்புறேன். பேர எழுதத் தெரியில அதுக்கு. அங்க அவுங்க அம்மா கருவாட்டு வேலைக்குப் போனா, சின்னதப் பாத்துக்க ஆளு வேணும். இது கம்முனு வூட்டுல இருக்கட்டும்."

"இப்ப கத்துக்க ஆரம்பிச்சிருக்குங்க. பாதியில வெட்டாதீங்க."

அவர் கையிலிருந்த பாலித்தீன் பையை மடித்தார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைமேல் உயிர். ஆனால் நம்பி நம்பி ஏமாந்த மனிதர். "எந்தங்கச்சி இங்கதான் இருக்கா. அவ வூட்டுல வுட்டுட்டுப் போலாம், முடியாதுன்னு இல்ல. ஆனா சும்மா எதுக்கு வுடணும், சொல்லுங்க? பொங்கலுக்குள்ள அது ஏதாச்சும் ஒண்ணு எங்காதுபடப் படிக்கட்டும். சின்னதத் தூக்கிவச்சிக்க வேற ஆளு பாத்துக்கறேன். படிக்கலன்னா நீங்க டிசி குடுத்துடணும். என்னா டீச்சர், சரியா?"

"படிக்க வைக்கிறேன்" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. வாய்க்கொழுப்பு.

அன்றிலிருந்து கஸ்தூரிதான் எங்கள் இருவருக்கும் பேச்சு. எழுத்து அட்டைகளைத் தாண்டி, இரண்டெழுத்துச் சொற்களுக்கு வந்தாள். பாய்க்கு நேரே கீழ்ச்சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரும்பலகைக் கட்டம் உண்டு. அதில் மூக்கு இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்து எழுதுவாள். முடித்தால் சத்தம் போட மாட்டாள். பக்கத்தில் வந்து நின்று என் புடவைத் தலைப்பை லேசாகத் தொடுவாள். போகிற வேகத்தைப் பார்த்து, பொங்கலுக்குள் சின்னச் சின்ன வாக்கியம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, டிசம்பரில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். கஸ்தூரி இருபது நாள் வரவில்லை. ஸ்டெல்லா இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "குழந்தைய மடியில போட்டுக்கிட்டு தரையில கரியால எழுதிக்கிட்டு இருக்கா டீச்சர்" என்றாள். ஜனவரி பிறந்து அவள் திரும்பி வந்த அதே வாரம் தகவல் வந்தது: கடலூரிலிருந்து அதிகாரி பார்வைக்கு வருகிறார், பெற்றோரையும் அழைக்க வேண்டும், பிள்ளைகள் செய்ததையெல்லாம் கம்பியில் தொங்கவிட வேண்டும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். இதற்காகத்தான் இவ்வளவையும் சொன்னேன்.

பார்வைக்கு முதல் நாள் சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, அடைவு அட்டவணையின் முன்னால் நின்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் டிக்கெல்லாம் வரிசையாக ஓடுகிறது. கஸ்தூரியின் வரி மட்டும் பாதியில் நிற்கிறது. அதிகாரி முதலில் பார்ப்பது இதைத்தான். எழுத்துப் படிக்கத் தெரியாத கலியபெருமாளும் பார்க்கப்போவது இதைத்தான். எல்லாப் பிள்ளைக்கும் வரி நிறைந்திருக்க, தன் பிள்ளைக்கு மட்டும் காலியாக இருந்தால் என்ன நினைப்பார்? நான் நீலப் பேனாவை எடுத்தேன்.

"என்னா டீச்சர் பண்றீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"பதினாலு அட்டைதானே. அடுத்த வாரம் முடிச்சிரப் போறா. முன்கூட்டியே போட்டு வைக்கிறேன்."

"வேணாம் டீச்சர்."

"எனக்கு சர்வீஸ் இருபத்தேழு வருஷம்" என்றேன். பதினான்கு டிக் போட்டேன். ஒன்று போலவே இன்னொன்று, அழகாக விழுந்தன. பிள்ளையின் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். நம் வேலையில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் பெரும்பாலும் திருடர்கள் இல்லை. என்னைப் போல, நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மறைப்பவர்கள்தான்.

மறுநாள் அதிகாரி வந்தார். பெண்மணி, என் வயதுதான் இருக்கும். மாலை, சால்வை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேராகப் பாயில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவருக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள், அவ்வளவுதான். பெற்றோர்கள் வராந்தாவில் நின்றார்கள். கலியபெருமாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொங்கலுக்குள் அவர் பள்ளிக்கு வருவது இந்த ஒரு நாள்தான்; அன்றைக்குப் பிள்ளை படித்துக் காட்டினால் இங்கே இருக்கும், இல்லாவிட்டால் டிசி. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கஸ்தூரிக்கும் தெரியும்.

அதிகாரி அட்டவணையைப் பார்த்தார். விரலை ஓட்டிக்கொண்டே வந்து கஸ்தூரியின் பெயரில் நிறுத்தினார். "கஸ்தூரி யாரு? வாடா கண்ணு." டிக் முடிந்த இடத்துக்கு அடுத்த அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து நீட்டினார். அது ஒரு சின்னக் கதை அட்டை, எட்டு வரி.

கஸ்தூரி அதை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "இது என்னுது இல்ல" என்றாள்.

"பயந்துபோய்ச் சொல்லுது மேடம். நல்லாப் படிக்கும். படிம்மா" என்றேன். நாக்கு கூசவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், கூசவில்லை.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வழி தப்பி நிற்கும் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். எழுந்து தட்டுக்குப் போனாள். ஒரு அட்டையை எடுத்துவந்து தன் காலுக்கு முன்னால் தரையில் வைத்தாள். "இதான் என்னுது" என்றாள். மறுபடி போனாள். அடுத்த அட்டையை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தாள். மறுபடி போனாள். ஏணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல், தன் அட்டையிலிருந்து அதிகாரி கொடுத்த கதை அட்டை வரைக்கும் தரையில் பரப்பிக்கொண்டே போனாள். கடைசியில் நிமிர்ந்து, "இதெல்லாம் நான் இன்னும் போவல" என்றாள்.

அட கடவுளே! தான் படிக்காத பாடம் எது எது என்று எண்ணி எடுத்து வைக்கத் தெரிந்த பிள்ளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலும் பார்த்ததில்லை. எட்டு வயது. அப்பா வாசலில் நிற்கிறார். தனக்கு எது நஷ்டம் என்று தெரிந்தே செய்கிறாள்.

அதிகாரி அட்டைகளைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் கிடைத்தது மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம். பிள்ளைதான் மறந்துவிட்டது என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போதும், நான் தப்பித்துவிடுவேன். இருபத்தேழு வருஷம் ஒரு மெமோ வாங்காத சர்வீஸ். ஸ்டெல்லா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கஸ்தூரி என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. 'டீச்சர் பொய்யா போட்டாங்க' என்று சொல்லவில்லை. அட்டையை மட்டும்தான் காட்டினாள். இப்போது நான் வாயைத் திறந்தால், அவளுடைய அப்பா முன்னாலேயே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடுவேன்.

"அந்தப் பதினாலும் நான் போட்டது மேடம்" என்றேன். "புள்ள சொல்றதுதான் நெசம்."

இவ்வளவு பெரிய குரல் வைத்திருப்பவளுக்கு அன்றைக்குக் குரலே வரவில்லை. அதிகாரி கஸ்தூரியின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி, உன்னுது இதுதானே. இதப் படி."

கஸ்தூரி படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். "ப…ட…கு. படகு. ம…ர…ம். மரம். ப…ழ…ம். பழம்." நாலாவது சொல்லில் சிக்கி நின்றாள். நெற்றியைச் சுருக்கி, முதலிலிருந்து மறுபடி கூட்டி, தாண்டினாள். மொத்தம் ஆறு சொல். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. அட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

கலியபெருமாள் உள்ளே வந்தார். இந்த மனிதர் கேட்டது ஒரு வாசிப்பு; கிடைத்தது ஆறு சொல்லும் டீச்சரின் பொய்யும். டிசி கேட்டால் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அவர் அட்டை வரிசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நீ எங்க நிக்கிற?" என்று மகளிடம் கேட்டார்.

அவள் முதல் அட்டையைத் தொட்டாள்.

"இதெல்லாம்?"

"போவணும்."

"எது வளியா போவணும்னு தெரியுமா?"

அவள் பதினான்கு அட்டைகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய்க் கதை அட்டையில் நிறுத்தினாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "காட்டுக்குள்ள துடுப்பு போடறேன் டீச்சர். வாய்க்கா எல்லாம் பாக்க ஒரே மாரி இருக்கும். தூரமாப் போனவன் யாரும் தொலைய மாட்டான். எங்க நிக்கிறோம்னு தெரியாதவன்தான் மாட்டிக்குவான். இதுக்குத் தெரியுது. இது வந்து சேந்துடும்" என்றார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "தங்கச்சி வூட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நான் அழுதேன். பிள்ளைகள் முன்னால், அதிகாரி முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். பிள்ளைகளும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தங்கள் தங்கள் அட்டைக்குத் திரும்பிவிட்டன.

போகும்போது அதிகாரி என்னிடம் தனியாகச் சொன்னார்: "எழுத்துல விளக்கம் குடுத்துடுங்க. நான் மேல அனுப்பித்தான் ஆவணும்." சரி என்றேன். பிளேடால் சுரண்டி அந்த டிக்குகளை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். மை சுரண்டுவதில் நான் கெட்டிக்காரி. "ஒண்ணும் சுரண்டாதீங்க. சிவப்பு மையில வட்டம் போட்டு வைங்க. இருக்கறது இருக்கட்டும்" என்றார். விளக்கம் எழுதிக் கொடுத்தேன், மெமோவும் வந்தது. இன்றைக்கும் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் வந்து பாருங்கள், காபியும் தருகிறேன்.

இதிலிருந்து என்ன சொல்ல வருகிறீர்கள் டீச்சர் என்று உங்களில் ஒருவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்குத் தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் காலத்தில் அட்டை போய் வேறு ஏதாவது வரும். புதுசாக ஒன்று வரும்போதெல்லாம் பூட்டி வைக்கத்தான் முதலில் கை போகும். அதை விடுங்கள், ஸ்டெல்லா மாதிரி யாராவது திறந்துவிடுவார்கள். ஆனால் ஒரு பிள்ளை நிற்கும் இடத்தை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். மேலே தள்ளியும் எழுதாதீர்கள், கீழே தள்ளியும் எழுதாதீர்கள். அது அந்தப் பிள்ளையின் இடம். அங்கிருந்துதான் அது நடக்க வேண்டும். பரிதாபப்பட்டுச் செய்தாலும் பறிப்பு பறிப்புதான்.

பொங்கல் முடிந்து அந்தக் குடும்பம் முதுநகருக்குப் போனது. கஸ்தூரி அத்தை வீட்டில் தங்கினாள். அவர்கள் போன மறுநாள் கண் வீங்கித்தான் வந்தாள். வருகைத் தாளில் குறித்தாள். ஏணியைப் பார்த்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில் என் புடவைத் தலைப்பை யாரோ தொட்டார்கள். கஸ்தூரிதான். பதினான்கில் முதலாவதான தன் அட்டையை முடித்துவிட்டு வந்திருந்தாள். படித்துக் காட்டினாள். ஒரு சொல்லிலும் சிக்கவில்லை. "சபாஷ்" என்று முதுகில் தட்டினேன். அவள் நகரவில்லை.

"என்னாடி?"

"டிக் போடுங்க."

அட்டவணையைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் சிவப்பு வட்டத்துக்குள் என் நீல டிக் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. "தோ இருக்குதே" என்றேன்.

"அது நீங்க போட்டது டீச்சர்" என்றாள். "இது நான் படிச்சது."

பேனாவை எடுத்தேன். சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த சின்ன இடத்தில், இன்னொரு டிக் போட்டேன். கஸ்தூரி குதிகாலைத் தூக்கி எட்டி, அது தன் வரியில்தான் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அடுத்த அட்டையை எடுக்கப் போனாள்.